எந்தக் கால் என்று எழுதவில்லை

மாலைக்குள் ஒரு பெயர் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை காலையில் அவளோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, ஆபரேஷன் முடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்து, ராத்திரி கூடவே தங்கி, மறுநாள் அவளைத் தாங்கிப்பிடித்து வீட்டில் கொண்டுவந்து சேர்க்கிற ஒருவரின் பெயர். அட்டெண்டர் இல்லாமல் அட்மிஷன் போடுவதில்லை மேடம் என்று ஆஸ்பத்திரிப் பெண் கூப்பிட்டுச் சொன்னபோது சுகிர்தா சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அதட்டலாகச் சொல்லவில்லை, இரக்கமாகவும் சொல்லவில்லை. சில்லறையாகக் கொடுங்கள் என்று கண்டக்டர் கேட்பதைப்போல, எல்லாரிடமும் எப்படியும் இருக்கக்கூடிய ஒன்றைக் கேட்பதைப்போலக் கேட்டாள். சாயங்காலத்துக்குள் சொல்லிவிடுகிறேன் என்று சுகிர்தாவும் எல்லாரையும்போலச் சொல்லிவிட்டு, ஆறிப்போன சோற்றைத் தின்று, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கணினி முன்னால் வந்து உட்கார்ந்தாள். திரையில் ஒரு கால் காத்துக்கொண்டிருந்தது. கால் என்றால் படம் அல்ல, எழுத்து. அமெரிக்காவில் எங்கோ ஒரு சிற்றூரில் ஒரு டாக்டர் பார்த்துவிட்டு எழுதிவைத்த கால். அவர் எழுதியதை வாசித்து, அந்த நோவுக்கு உரிய எண்ணைத் தேடிப் போடுவது அவள் வேலை. எண் சரியாக இருந்தால்தான் அங்கே இன்சூரன்ஸ் கிடைக்கும். கட்டைவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்து, அதன் அடிமூட்டு வெளியே புடைத்து நிற்கிற கால்கள்தான் கொஞ்ச காலமாக அவளுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அதற்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் பனியன். பயிற்சி வகுப்பில் முதல்முறை அதைக் கேட்டபோது, பனியனைக் கழற்ற எதற்கு ஆபரேஷன் என்று ஒரு பையன் கேட்டு வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். அப்போது அவளுடைய கால் நேராக இருந்தது. நேராக இருந்ததா, அல்லது அப்போதே சாயத் தொடங்கியிருந்ததா. யார் பார்த்தார்கள். தன் காலைத் தானே பார்க்காமல் எத்தனையோ வருஷம் ஒருத்தி நடந்துவிட முடிகிறது.

மேசைக்கு அடியில் வலது காலைச் செருப்பிலிருந்து வெளியே எடுத்து மொசைக் தரையில் வைத்தாள். குளிர்ச்சி முதலில் குதிகாலில் ஏறியது, பிறகு நடுவில், புடைப்பில் மட்டும் ஏறவில்லை. அங்கே எப்போதும் ஒரு சூடு. செருப்பின் பக்கவாட்டுப் பட்டையை அவளே கத்தரிக்கோலால் வெட்டிவிட்டிருந்தாள், எலும்பு வெளியே வந்து மூச்சு விடட்டும் என்று. பேருந்தில் தூங்கி விழுகிறவன் பக்கத்தில் இருப்பவன் தோளில் சாய்கிற மாதிரி அந்தக் கட்டைவிரல் சாய்ந்திருந்தது. பக்கத்து விரல் எத்தனை நாள் பொறுக்கும். அது மேலே எழும்பி, செருப்பில் உரசி, உரசின இடத்தில் ஒரு சின்னப் புண். மிளகு அளவுதான். ஆனால் அவளுக்குச் சர்க்கரை இருப்பதால் அந்த மிளகைப் பார்த்துத்தான் டாக்டர் முகம் மாறினார். எலும்பைத் தள்ளிவைத்து நேராக்காமல் இந்தப் புண் ஆறாதும்மா, வியாழக்கிழமை முடிச்சுடலாம், அதற்கப்புறம் நான் வெளிநாடு போறேன், திரும்பிவர இரண்டு மாசம் ஆகும் என்றார். இரண்டு மாசத்தில் ஒரு மிளகு என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புண்ணிலிருந்து எலும்புக்கு, எலும்பிலிருந்து விரலை எடுப்பதற்கு, விரலிலிருந்து பாதத்துக்கு, ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. எல்லாமே அவள் கையால் போட்டுப் பழகிய எண்கள். வாசிக்கும்போது படி இறங்குவதுபோல இருக்கும். கடைசிப் படியில், விரல் இல்லாத நிலை என்று ஓர் எண், அமைதியாக, இனிமேல் வலிக்காத ஓர் எண். அதை நினைத்ததும் காலைச் செருப்புக்குள் இழுத்துக்கொண்டாள். ஒரு பெயர். ஒரு பெயர்தானே.

எமிலியின் பெயரைச் சொல்லலாம். எமிலி கூடப்பிறந்த தங்கை, நாகர்கோவிலில் இருக்கிறாள், ரயில் ஏறினால் காலையில் வந்து இறங்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை இதற்காகத்தான் அவளைக் கூப்பிட்டாள். கூப்பிட்டு, மழை உண்டா என்று கேட்டாள், அவள் வீட்டுக்காரருக்கு முதுகு எப்படி என்று கேட்டாள், கடைசியில், அடுத்த வாரம் உங்களுக்கு எப்படி என்று கேட்டாள். அப்படித்தான் கேட்டாள். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. டாக்டர் எழுதியது தெளிவாக இல்லை என்றால் அவருக்குக் கேள்வி அனுப்பலாம், ஆனால் அந்தக் கேள்வி அவரை எந்தப் பதிலின் பக்கமும் தள்ளக் கூடாது என்பது தொழிலின் விதி. நோய் வலது காலில்தானே என்று கேட்கக் கூடாது. நோய் எந்தக் காலில் என்று தெளிவுபடுத்தவும் என்று கேட்க வேண்டும். பதிலை வாயில் ஊட்டக் கூடாது. வருஷக்கணக்காக அப்படியே கேட்டுக் கேட்டு நாக்கு அப்படியே வளைந்துவிட்டது. அடுத்த வாரம் உங்களுக்கு எப்படி. எமிலி என்ன செய்வாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள்: மாடியில ஒழுகுதுக்கா, கொத்தனார் அடுத்த வாரம்தான் வாரேன்னு சொல்லியிருக்கான், அவனை விட்டா மழைக்கு முன்னால ஆள் கிடைக்காது. சரி என்றாள் சுகிர்தா. கொத்தனாரையும் மழையையும் பற்றி இன்னும் கொஞ்சம் பேசினார்கள். கால் என்ற சொல் அந்தப் பேச்சில் வரவே இல்லை. போனை வைத்த பிறகு எமிலிமேல் கோபம் வந்தது, கேட்காமலே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று. சின்ன வயதில் பல்வலி என்றால் சொல்லாமலே தெரிந்துகொள்வாளே. கன்னத்தைப் பார்த்தே கிராம்பை எடுத்துக்கொண்டு வருவாளே. போனில் கன்னம் தெரியுமா. இப்போது மறுபடி கூப்பிட்டு நேராகச் சொல்லலாம். சொன்னால் எமிலி வருவாள், கொத்தனாரை விட்டுவிட்டு வருவாள், வந்து ஞாயிற்றுக்கிழமை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், கேட்டுக்கொண்டே இருப்பாள், இருவருக்கும் கிழடு தட்டும்வரை கேட்பாள். சுகிர்தா போனைக் கையில் எடுத்தாள். பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். கேஸ் சிலிண்டர். தண்ணி கேன். பிளம்பர். பிளம்பர் புது. ஸ்ருதி அம்மா, கீழ்வீடு. அந்த ஸ்ருதி அம்மாவுக்கு என்று சொந்தமாக ஒரு பெயர் இருக்கும். லிஃப்டில் இத்தனை வருஷம் சாப்பாடாச்சா என்று கேட்டுக்கொண்டதில் அதைக் கேட்க இடம் வரவில்லை. சர்ச்சில் சொன்னால் பெண்கள் ஐக்கியத்தார் யாரையாவது அனுப்புவார்கள். வந்தவர்கள் ஜெபம் பண்ணிவிட்டு அடுக்களையை ஒரு பார்வை பார்ப்பார்கள், ஒரு டம்ளர், ஒரு தட்டு, ஒரு சின்னக் குக்கர். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

எழுதப்படாதது நடக்காதது. பயிற்சி கொடுத்தவர் பலகையில் அதைத்தான் முதலில் எழுதினார். டாக்டர் நினைத்திருக்கலாம், பார்த்திருக்கலாம், தொட்டிருக்கலாம். எழுதவில்லை என்றால் உனக்கு அது இல்லை. மற்றவர்களுக்கு அது மண்டையில் ஏற மாசக்கணக்கானது. சுகிர்தாவுக்கு அன்றைக்கே ஏறியது. வயதில் எல்லாரையும்விட மூத்தவள், கல்லூரியில் தற்காலிக வேலையில் விலங்கியல் நடத்தி நடத்திக் கடைசிவரை நிரந்தரமாகாமல் வெளியே வந்தவள், அங்கே போய் முன்வரிசையில் உட்கார்ந்து, இது எனக்குத் தெரியுமே என்று நினைத்துக்கொண்டாள். இயற்பியல் துறையில் ஒருவர் இருந்தார். சாயங்காலங்களில் பேருந்து நிறுத்தம்வரை கூடவே நடந்துவருவார். அவர் போகவேண்டிய பேருந்து எதிர்ப்பக்கத்தில் நிற்கும் என்பது அவளுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் அவள் எதையும் முடிவு செய்துகொள்ளவில்லை, அவர் ஒன்றும் சொல்லவில்லையே. இருட்டில் நடை சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது, அவருடைய தோல் செருப்பு, அவளுடைய குறுகலான மூக்கு வைத்த செருப்பு. அந்தச் செருப்பை அவர் இருந்ததால்தான் வாங்கினாள். அழகாக இருந்தது, கடித்தது, கடிக்கக் கடிக்கப் போட்டாள். அவர் மாற்றலாகிப் போனபிறகும் தேயும்வரை போட்டாள். அதனால்தான் விரல் சாய்ந்தது என்று சொல்ல முடியாது. அம்மாவுக்கும் இதே கால்தான், பரம்பரை என்று டாக்டரே சொன்னார். எதனால் என்று தெரியாதபோது எதனால் என்று போடக் கூடாது. தனியாக வசிப்பதற்குக்கூட ஓர் எண் இருக்கிறது. ஆனால் இவர் தனியாக வசிக்கிறார், அதனால் பிரச்சினை என்று சிகிச்சை பார்க்கிறவர் எழுதியிருக்க வேண்டும், நாமாகப் போட்டுவிடக் கூடாது. ஒரு குறிப்பில் தனியாக, ஒரு பூனையுடன் என்று எழுதியிருந்தது. தனிமை என்பதா, இல்லை என்பதா என்று மத்தியானம் முழுவதும் யோசித்தாள்.

போன் அடித்தது. ஆஸ்பத்திரியோ என்று எடுத்துப் பார்த்தாள். இல்லை, தபஸ்ஸும். தபஸ்ஸும் ஆம்பூரில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள், சுகிர்தா போட்டனுப்பும் எண்களைச் சரிபார்க்கிறவள். கொரோனாவில் அலுவலகம் எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்ன வருஷத்தில் ஆரம்பித்த பழக்கம்; இதுவரை ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. தபஸ்ஸும் ஒரு குரல், அந்தக் குரலுக்குப் பின்னால் உருதுவில் திட்டிக்கொண்டிருக்கும் மாமியார், அதற்கும் பின்னால் குழந்தை, காற்று வாங்கிக் கதவு அடித்துக்கொள்ளும் சத்தம். வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் வேலை. அவர் கம்பெனி செய்து அனுப்புகிற ஷூவைப் போட்டுத்தான் அங்கே கால் கெடுது, அப்புறம் நம்மகிட்ட வருது, எப்படியும் காசு ஆம்பூருக்குத்தான் என்று அவள் ஒருநாள் சொல்ல, சுகிர்தா இந்த அறையில் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அறை பெரிதாகிப்போனது. இன்றைக்கு அவள் குரலில் விளையாட்டு இல்லை. காலையில் அனுப்பிய குறிப்பு ஒன்றைத் திறக்கச் சொன்னாள். பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று வேலை பார்க்கும் ஒரு வயதான பெண்மணியின் கால்.

“அக்கா, இதுல வலதுன்னு எங்கக்கா இருக்கு?”

இருக்கிறதே என்றாள் சுகிர்தா. வாசித்த ஞாபகம் தெளிவாக இருந்தது. சாய்ந்த விரல், பக்கத்து விரலில் உரசல், நெடுநேரம் நின்றால் எரிச்சல், வலது. கடைசி இலக்கம் ஒன்று என்றால் வலது, இரண்டு என்றால் இடது, சொல்லப்படவில்லை என்றால் ஒன்பது. ஒன்று என்று போட்ட விரலின் அசைவுகூட நினைவில் இருந்தது. மேலிருந்து தேடினாள். வந்த காரணம், பழைய நோய்கள், பரிசோதனை. கால் என்று இருந்தது. பாதம் என்று இருந்தது. புடைப்பு, சிவப்பு, தொட்டால் வலி என்று இருந்தது. கீழிருந்து மேலே தேடினாள். டாக்டர் எந்தக் கால் என்று எழுதவே இல்லை. முழுக் குறிப்பிலும் வலதும் இல்லை, இடதும் இல்லை. திரையிலிருந்து கண்ணை எடுத்தபோது அது தானாகக் கீழே, மேசைக்கு அடியில், வெட்டிய செருப்புக்குப் போனது. அங்கே இருந்தது வலது. கடல் தாண்டி இருக்கிற ஒருத்தியின் பாதத்தில் தன் பாதத்தை மாட்டி அனுப்பியிருக்கிறாள். ஒருநாளும் செய்யாத தப்பு. அந்தப் பெண்மணி அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள், எந்தக் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டிருப்பாளோ, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், பாவாடையைத் தூக்கிக் காட்டிவிடுவாள்.

“நீங்க இப்படி நீங்களா நெனச்சுப் போடற ஆள் இல்லையேக்கா. உடம்பு சரியில்லையா?”

ஆமாம் இல்லை என்று மட்டும் சொன்னால் போதும் என்கிற கேள்வி. டாக்டரிடம் கேட்கவே கூடாத கேள்வி. யாரோ வாசலில் வந்து நின்று, கதவு லேசாகத் திறந்திருக்கிறதே, தள்ளட்டுமா என்பதுபோல இருந்தது. சொல்லிவிடலாம். காலில் ஆபரேஷன், கூட ஆள் இல்லை. இரண்டே வரி. சுகிர்தா, ஒன்றுமில்லை, ராத்திரி தூக்கமில்லை என்றாள். தபஸ்ஸும் விசைப்பலகையில் எதையோ தட்டினாள். பிறகு, தப்பு என்று எழுதித்தான் ஆகணும்க்கா, மனசுல வெச்சுக்காதீங்க என்றாள். எழுது என்றாள் சுகிர்தா. நீ எழுதாவிட்டால்தான் எனக்கு வருத்தம்.

குரல் போன பிறகு அறையில் ஒலிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. கீழ்வீட்டுக் குக்கர், தெருவில் பழைய பேப்பர் எடுக்கிறவனின் ஒலிபெருக்கி, குளியலறையில் சரியாக மூடாத குழாய். குழாயை மூட எழுந்தாள். எழுந்ததும் புண்ணில் ஓர் ஊசி ஏறி இறங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது வியாழனுக்குப் பிந்தைய நாட்கள் தெரிந்தன. காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொன்ன வாரங்கள். இந்தக் குளியலறை ஓடு, இந்த ஈரம். விழுந்தால் யாருக்குத் தெரியும். அலுவலகத்துக்குத் தெரியும், எண்கள் வராததால். ஏன் வரவில்லை என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புவார்கள், இரண்டாவது அனுப்புவார்கள். தண்ணி கேன் போடுகிறவன் மணி அடித்துவிட்டு, ஆள் இல்லை என்று போய்விடுவான், அவனுக்கு அப்படித்தான் தெரியும். அம்மா இதே வீட்டில் ஒரு மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனாள். சுகிர்தா உள்ளே காப்பி கலந்துகொண்டிருந்தாள். அம்மாவுக்குக் கூப்பிடுகிற தூரத்தில் ஒருத்தி இருந்தாள், கூப்பிடவில்லை என்பது வேறு. ஒருவேளை கூப்பிட்டிருப்பாளோ, காப்பி ஆற்றுகிற சத்தத்தில். இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு எப்போதும் நின்றுவிடும், மாடு வண்டியோடு படுத்துக்கொள்வதுபோல. குழாயை இறுக்கினாள். சொட்டு நிற்கவில்லை.

வெயில் ஜன்னல் கம்பிகளைச் சுவரில் சாய்த்துப் போட்டிருந்தபோது ஆஸ்பத்திரிப் பெண் மறுபடி கூப்பிட்டாள். மேடம், நான் கிளம்பணும், லிஸ்ட் மேல அனுப்பணும், அட்டெண்டர் பேர் சொல்லுங்க என்றாள். யாரும் இல்லை என்று சொன்னால் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள், டாக்டர் விமானம் ஏறிவிடுவார், மிளகு வளரும். எமிலி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“தபஸ்ஸும்.”

யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்கலாம்போல இருந்தது. அந்தப் பெண் எழுத்துக் கேட்டாள், சுகிர்தா எழுத்து எழுத்தாகச் சொன்னாள், நம்பர் கேட்டாள், அதையும் சொன்னாள்.

“அவங்க உங்களுக்கு என்ன வேணும் மேடம்?”

“தங்கச்சி.”

ஆஸ்பத்திரிச் சீட்டில் அக்கா சுகிர்தா கிருபாவதி, தங்கச்சி தபஸ்ஸும். அந்தப் பெண் ஒரு வினாடி தயங்கினாளா, அல்லது விசைப்பலகைதான் தயங்கியதா. பிறகு தட்டுகிற சத்தம் கேட்டது. அவங்களுக்கும் ஒரு மெசேஜ் போயிடும் மேடம் என்றாள், வைத்துவிட்டாள். சுகிர்தா போனைப் பார்த்தபடி நின்றாள். ஒரே நாளில் இரண்டாவது முறை. எங்கேயும் எழுதப்படாததைத் தானாக நினைத்துப் போட்டுவிட்டாள். தபஸ்ஸுமுக்குக் குழந்தை இருக்கிறது, மாமியார் இருக்கிறாள், வேலை இருக்கிறது. அக்கா என்று கூப்பிடுவாள்தான், அலுவலகத்தில் காவலாளியின் மனைவியைக்கூட எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மெசேஜ் போவதற்குள் கூப்பிட வேண்டும். அவசரத்தில் வேறெங்கோ அழுத்தி, அதை நிறுத்தி, மறுபடி அழுத்துவதற்குள் அவளே கூப்பிட்டுவிட்டாள்.

“அக்கா, ஏதோ ஆஸ்பத்திரி மெசேஜ் வந்திருக்கு. நான் உங்க தங்கச்சியாம்.”

சுகிர்தா சொன்னாள். மெதுவாக ஆரம்பித்து, நடுவில் வேகமாகி, புண், எலும்பு, வியாழக்கிழமை, எமிலியிடம் கேட்காமல் விட்டது, மத்தியானம் தூக்கமில்லை என்று பொய் சொன்னது, கேட்காமல் உன் பேரைக் கொடுத்தது, நாளைக்கு ஆஸ்பத்திரியில் பேசி எடுத்துவிடச் சொல்கிறேன், ஒன்றும் நினைக்காதே. சொல்லி முடித்தாள். அந்தப் பக்கம் மாமியார் தூரத்தில் எதையோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தபஸ்ஸும் போனை மூடிக்கொண்டு அவளிடம் உருதுவில் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தது. மாமியார் குரல் உயர்ந்தது, தபஸ்ஸுமின் குரலும் உயர்ந்தது. புரியாத பாஷையில் தன்னைப்பற்றி இரண்டு பேர் சண்டை போட்டுக்கொள்வதை சுகிர்தா நின்றபடியே கேட்டாள். கால் வலித்தது, உட்கார வேண்டும் என்று தோன்றவில்லை. வைத்துவிடலாமா என்று நினைத்தாள். வைக்கவில்லை.

“பிள்ளைய அவங்க பாத்துக்கணும், அதுக்குத்தான் கத்தறாங்க. ராத்திரிக்குள்ள சரியாயிடும். இல்லைன்னா பிள்ளையத் தூக்கிட்டு வந்துடுவேன்,” என்றாள் தபஸ்ஸும். மூச்சு வாங்கியது. பிறகு கேட்டாள், “அங்க கூட இருக்கறவங்களுக்குக் கட்டில் குடுப்பாங்களாக்கா, இல்ல நான் பாய் எடுத்துட்டு வரணுமா?”

அது சுகிர்தாவுக்குத் தெரியவில்லை. காலையில் முதல் வேலையாகக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள்.